மீன்பெட்டி மூடி

லைற் எரிந்ததும், பெட்டிக்குள் கிடப்பது தன் மனுசன் இல்லை என்று பெர்னடெட்டுக்குப் பட்டது. நெற்றி மெழுகு பூசியதுபோல் மினுங்கியது. சவத்தை ஆயத்தப்படுத்திய மலர்ச்சாலைக்காரர் பூசிவிட்ட பவுடர் கன்னத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. மூக்கின் நிழல் வாயைக் கடந்து நாடிவரை கறுப்பாக விழுந்திருந்தது. முப்பத்தைந்து வருசம் பக்கத்தில் படுத்தெழும்பிய முகம் அது. அதை யாரோ துணிக்கடைப் பொம்மையாக்கி வைத்திருப்பதைப் பார்க்க, அழுகையை முந்திக்கொண்டு அவளுக்குக் கோபம்தான் வந்தது.

நேரலை எடுக்க வந்திருந்த ஜெயசுதன், கமராவின் தலையில் பூட்டிய அந்தச் சின்ன லைற்றை இன்னும் கொஞ்சம் கூட்டினான். அவனில் பிழை சொல்ல முடியாது. குருநகரில் கலியாணம் என்றாலும் சாவு என்றாலும் அவன்தான் வருவான், வேலையில் நேர்மையானவன். பெட்டி வழக்கப்படி வாசலைப் பார்க்கக் கால் நீட்டி வைக்கப்பட்டிருந்தது. வாசலால் சனம் வந்துகொண்டே இருந்ததால் அங்கே கமராவை நிறுத்த வழியில்லை. இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மிச்சமிருந்தது தலைமாட்டு மூலை மட்டும்தான். அங்கிருந்து பார்த்தால் வாசலில் நிற்கும் மத்தியான வெயில் நேரே கமராவின் கண்ணில் அடித்தது. அதனால் முகம் வெறும் கறுப்பாக விழுந்தது. முகம் தெரியவில்லை என்று பிரான்சிலிருந்து முறைப்பாடு வந்த பிறகுதான் அவன் லைற்றைப் போட்டான்.

இப்போது அங்கிருந்து வேறு முறைப்பாடு வந்தது. மகள் ஜெசிதாவின் கையிலிருந்த போனில் இன்னாசித்தம்பியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பிள்ளை, உது ஆர் படுத்திருக்கிறது?"

"அப்பாதான் பெரியப்பா."

"இல்லை. உவனை எனக்குத் தெரியாது. எங்கடை மூடியைக் காட்டுங்கோ."

ஜெசிதா போனைக் கையால் பொத்திக்கொண்டு தாயைப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு வயது போய் அறளை பெயர்ந்துவிட்டது என்று பக்கத்திலிருந்த யாரோ மெல்லச் சொன்னார்கள். பெர்னடெட்டுக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கும் இதே எண்ணம்தானே வந்தது.

இன்னாசித்தம்பி, பெட்டிக்குள் கிடந்த அடைக்கலநாதனின் மூத்த அண்ணன். தகப்பன் கடலோடு போனபிறகு தம்பியைத் தோளில் வைத்து வளர்த்தவர். பிரான்சுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. முதலில் விசாப் பிரச்சினை விடவில்லை, அது தீர்ந்தபோது சிறுநீரகம் விடவில்லை. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவரை எந்த விமானத்தில் ஏற்றுவது? சீனி வருத்தம் ஒரு கண்ணை முழுதாகவே வாங்கிக்கொண்டது, மற்றதில் எல்லாம் பனிப்புகாராகத்தான் தெரியும். மகன் அங்கே பெரிய தொலைக்காட்சிக்கு ஒரு முழ தூரத்தில் கதிரையைப் போட்டு அவரை இருத்தியிருந்தான். தம்பி செத்த செய்தி கேட்ட நேரம் தொட்டு மனுசன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பெட்டி மூட முதல் அவன்ரை முகத்தை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும். பெர்னடெட்டும் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று மணிக்குச் சுவாமி வந்துவிடுவார். செபம் சொல்லிப் பெட்டியை மூடினால் அதோடு சரி.

மூடி என்ற பட்டத்தை வைத்ததே அந்த அண்ணன்தான். பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் போன அடைக்கலநாதன், விளம்பரப் படம் எடுக்கும் கொம்பனி ஒன்றில் சேர்ந்து, அடுத்த கோயில் திருநாளுக்குப் புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தார். துறையடியில் எல்லோருக்கும் முன்னால் அண்ணன் என்ன வேலை என்று கேட்டார். தம்பி உள்ளதைச் சொன்னார். பஞ்சுபோல் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப்பலகையை வெயிலில் ஏந்திப் பிடித்து, அதில் படுகிற வெளிச்சத்தைச் சவர்க்காரம் போடுகிற பெட்டையின் முகத்துக்குத் திருப்பிவிட வேண்டும், அதுதான் வேலை. துறையடியில் ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற பெட்டியும் அதே ரெஜிபோம்தான். "அப்ப மீன்பெட்டி மூடி பிடிக்கத்தானோ கொழும்புக்குப் போனனீ?" என்று அண்ணன் கேட்க, துறையடி முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு கழலவில்லை. பிரான்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தால் வணக்கம், சுகம் எல்லாம் கிடையாது. "என்ன மூடி, சாப்பிட்டியோ?" என்றுதான் தொடங்கும்.

பலகை பிடித்தவர் சில வருசங்களில் கமராவுக்குப் பின்னால் போனார். அதற்குப் பிறகு சவர்க்காரம், பிஸ்கற், பால்மா, தேயிலை, நுளம்புத்திரி என்று அவர் வடிவாகக் காட்டாத சாமான் நாட்டில் இல்லை. விளம்பரம் குறைந்த காலங்களில் கொம்பனிகள் தங்களைப் பற்றித் தாங்களே எடுப்பிக்கும் படங்கள் வரும். வங்கியின் பொன்விழா, ஆடைத் தொழிற்சாலையின் ஒழுங்கு, சீமெந்து ஆலையின் சுத்தம். சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டும் முழுதாக இருந்து பார்க்கிற படங்கள் என்று அவரே அவற்றைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் எடுக்கும்போது சிரிக்க மாட்டார். ஒரு குவளை தேத்தண்ணியின் ஆவி கமராவில் விழவேண்டும் என்பதற்காக விடியத் தொடங்கி மத்தியானம்வரை மினக்கெடுவார். ஐஸ்கிரீம் லைற் சூட்டில் உருகும் என்று உருளைக்கிழங்கை அவித்து மசித்து நிறம் போட்டு உருட்டி வைப்பார். ஜெசிதா சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அதை எடுத்து வாயில் வைத்துவிட்டு, ஐஸ்கிரீமே இனி வேண்டாம் என்று கிழமைக்கணக்கில் அழுதது.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பலர் அவருக்காக வருத்தப்பட்டார்கள். இவ்வளவு கெட்டிக்காரன் ஒரு பெரிய படம் எடுக்காமலே போய்விட்டானே என்றார்கள். காலையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கையைப் பிடித்து அதையே சொன்னபோது பெர்னடெட் தலையை ஆட்டினாள், ஆனால் உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனுசனுக்கு அப்படி ஒரு குறையே இருந்ததில்லை. மூன்று மணித்தியாலப் படத்தில் சனம் கதாநாயகனைப் பார்க்கும், வெளிச்சத்தை ஆர் பார்க்கப்போகினம் என்பார். முப்பது செக்கனில் ஒரு கோப்பைச் சோறு சோறாகத் தெரிந்தால் அன்றிரவு நல்ல நித்திரை கொள்ளுவார். வேலை விட்டுக் குருநகருக்குத் திரும்பி வந்து எட்டு வருசம் கடற்காற்றில் நன்றாகத்தான் இருந்தார். தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது கண்ணயர்ந்திருப்பவர், விளம்பரம் வந்ததும் எழும்பிவிடுவார். வியாழக்கிழமை ஒடியற்கூழ் இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார், நண்டுக்காலைக் கடைசிவரை உறிஞ்சினார், சாய்மனைக் கதிரையில் சரிந்தார். விளம்பரம் வந்தும் எழும்பாதபோதுதான் அவளுக்கு விளங்கியது.

"லைற்றை நிப்பாட்டுங்கோ தம்பி," என்றாள்.

ஜெயசுதன் தயங்கினான். நிப்பாட்டினால் பழையபடி கறுப்பாகப் போய்விடும் என்று பணிவாகச் சொன்னான். அவள் மறுபடியும் சொன்னதும் நிப்பாட்டினான். வாசல் வெயிலுக்கு முன்னால் முகம் மறுபடியும் நிழலுக்குள் போனது. போனிலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது.

முகத்துக்கு நேரே லைற் அடிக்கிறவனுக்கு முகத்தைத் தெரியாது என்பார் அவர். எங்கேயாவது ஒரு வெள்ளையில் பட்டு, திரும்பி, களைத்து வருகிற வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லது. கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்த முதல் வருசங்களில், பலகை பிடிக்கிறவன் வராத நாட்களில் அவளைத்தான் இழுத்துக்கொண்டு போவார். பலகையைக் கதிரையில் சாய்த்து நிறுத்திவிட்டுப் பிறகு அவளிடமே, "உன்ரை கையை வை" என்பார். நடிக்கிற பெட்டை வர முதல், அவள் முகம் வரப்போகிற இடத்தில் பெர்னடெட் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்வார். நாட்டிலுள்ள வடிவான பெட்டைகள் எல்லாம் தன் கையின் இடத்தில்தான் வந்து நின்றவர்கள் என்று அவள் பகிடியாகச் சொல்லிக்கொள்வாள்.

பெட்டியின் வலப்பக்கச் சுவரில் ஒரு யன்னல் இருந்தது. மலர்ச்சாலைக்காரர் சுவர் முழுக்க ஊதாத் துணி தொங்கவிட்டு அதை மூடியிருந்தார்கள். அந்த யன்னலுக்கு அப்பால் கிணற்றடி. மத்தியானம் திரும்பியதும் வெயில் அங்கேதான் வந்து நிற்கும். இத்தனை வருசம் உடுப்புக் காயப்போட்டவளுக்கு அது தெரியாதா?

பெர்னடெட் எழும்பினாள்.

பெண்கள் பதறிப்போனார்கள். தலைமாட்டில் இருக்க வேண்டியவள் எழும்பினால் மயக்கம் என்று நினைத்து ஒருத்தி சோடாவை நீட்டினாள், இன்னொருத்தி தோளைப் பிடித்து இருத்தப் பார்த்தாள். அவள் கைகளை மெல்ல விலக்கிக்கொண்டு போய் ஊதாத் துணியைப் பிடித்து இழுத்தாள். மேலே குத்தியிருந்த ஊசிகள் தெறித்தன. மலர்ச்சாலைப் பொறுப்பாளர் ஓடிவந்து, அம்மா அது அலங்காரம் என்றார். அலங்காரம் நல்லாத்தான் இருக்கு, ஆனால் மனுசனைக் காணேல்லை என்று அவள் சொன்னாள். அதைக் கேட்டதும் அவர் தானே ஏறி நின்று மிச்ச ஊசிகளையும் கழற்றினார்.

யன்னல் திறந்தது. கிணற்றடி வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வந்தது. அவ்வளவு வெளிச்சம் முகத்துக்குக் காணாது.

"எங்கையம்மா போறீங்க?" என்று ஜெசிதா பின்னால் வந்தாள். சனம் பார்க்கிறது என்ற கூச்சம் அவள் குரலில் இருந்தது. பெர்னடெட் அதைக் கவனித்தாள், ஆனால் நிற்கவில்லை. குசினிக் கதவால் வெளியே போய், வேலியோரம் பந்தலுக்குள் குந்தியிருந்த யாகோப்பைத் தேடிப் பிடித்தாள்.

யாகோப்பு அடைக்கலநாதனோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே வகுப்பில் படிப்பை விட்டவன். ஒருவர் கொழும்புக்குப் போக, மற்றவன் கடலுக்குப் போனான். இப்போது துறையடியில் மீன் ஏலம் எடுத்துச் சந்தைக்கு ஏற்றுகிறான். காலையில் ஏலம் முடிந்து நேரே வந்தபடியால் அவனுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒழுங்கையில் நின்றது, பின்பெட்டியில் வெற்று மீன்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"யாகோப்பண்ணை, உங்கடை பெட்டி மூடியள் வேணும். பெரிசாப் பாத்து மூண்டு."

யாகோப்பு அவளுடைய முகத்தைப் பார்த்தான், திறந்திருந்த யன்னலைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருசங்களுக்கு முன்னால் ஒரு வங்கிக்குப் படம் எடுக்க அடைக்கலநாதன் கொழும்பு ஆட்களோடு துறையடிக்கு வந்தபோது, பலகை காற்றில் முறிந்துபோக, யாகோப்பின் மீன்பெட்டி மூடியைத்தான் வாங்கி அவனையே பிடிக்கவும் வைத்தார். கடனெடுத்து வள்ளம் வாங்கி முன்னேறிய கடற்றொழிலாளி ஒருவரின் முகத்துக்கு அன்றைக்கு வெளிச்சம் கொடுத்தது யாகோப்புதான். அதிலிருந்து தோள்மூட்டு நோகிறது என்று பார்க்கிற ஆட்களிடமெல்லாம் பெருமையாக முறையிட்டுக்கொண்டு திரிந்தான்.

மூடிகள் வந்தன. மீன் நாற்றம் முன்னால் வந்தது, மூடிகள் பின்னால் வந்தன. பெர்னடெட் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றி, செத்தவீட்டுக்கு உடுத்த வெள்ளைச் சேலையின் தலைப்பாலேயே துடைத்தாள். செதில்கள் சில போகவில்லை. யாகோப்பு ஒன்றைப் பிடித்தான், அவனோடு வள்ளத்தில் போகிற இரண்டு பேர் மற்றவற்றைப் பிடித்தார்கள். வெயிலுக்குக் காட்டி, பிறகு யன்னலுக்குக் காட்டி, தலைக்கு மேலே, கொஞ்சம் சரிச்சு, இன்னும் கொஞ்சம். அவள் சொல்லச் சொல்ல மூன்று பேரும் திரும்பினார்கள். மூன்று பேரும் காற்றைப் பார்த்துப் பாய் திருப்பத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். அதனால் அது பெரிய வில்லங்கமாக இருக்கவில்லை.

"நான் உள்ளுக்குப் போய்ச் சொல்லுறன். நான் சொல்லும்வரைக்கும் அசையப்படாது."

"அது தெரியும் தங்கச்சி," என்றான் யாகோப்பு. "அவன் படிப்பிச்சவன்."

உள்ளே எல்லோரும் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நடுவில் விட்டிருந்தார்கள். பெர்னடெட் பெட்டியின் அருகே போய், மனுசனின் கன்னத்துக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினாள். வெளிச்சம் விரல் நுனிகளில் மட்டும் விழுந்தது. வலப்பக்கம் என்று யன்னலைப் பார்த்துச் சொன்னாள். வெளிச்சம் விரலிலிருந்து உள்ளங்கைக்கு ஏறியது. கொஞ்சம் கீழே என்றாள். கை முழுக்க நிறைந்தது. பூட்டிய அறையில் விடியற்காலம் வருவதுபோல, எங்கேயிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத வெளிச்சம். நரம்பு, சுருக்கம், மோதிரம் எல்லாம் இருந்த இடத்தில் அமைதியாகத் தெரிந்தன. அவள் கையை எடுத்தாள்.

அடைக்கலநாதன் படுத்திருந்தார். கூழ் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்த அதே மனுசன். பவுடர் தெரியவில்லை. வாயின் ஓரத்தில் எப்போதும் நிற்கிற அந்தச் சின்னக் கோணல் இருந்தது. ஒரு பகிடி சொல்லப்போகிறாரோ என்று சனம் ஏமாறுகிற கோணல் அது. பெர்னடெட்டுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அவளுக்கு ஒரு நிறைவும் வந்தது. நல்ல மனுசனோடுதான் இருந்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

ஜெயசுதன் கமராவில் எதையோ திருகினான். பிறகு திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றான்.

"அன்ரி, வந்திட்டார்," என்றான்.

போனில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஜெசிதா போனைத் திருப்பிப் பார்த்தாள். அறவில்லை. அங்கே யாரோ கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. இருந்த ஒரு முழ தூரமும் மனுசனுக்குப் போதாமல் போயிருக்க வேண்டும்.

"நாடியில வடு தெரியுது," என்றார் இன்னாசித்தம்பி. "துறையடியில விழுந்தவன். ஓம். இவன்தான்."

பெர்னடெட் மகளின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"தெரியுதோ அத்தான்?"

"வடிவாத் தெரியுது பிள்ளை. சிரிக்கிறான் போல கிடக்கு. என்னெண்டு இப்ப மட்டும் தெரியுது?"

"யாகோப்பண்ணை கிணத்தடியில நிண்டு மீன்பெட்டி மூடி பிடிக்கிறார் அத்தான்."

அந்தப் பக்கம் இருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெர்னடெட் பிரித்துப் பார்க்கவும் விரும்பவில்லை. கடைசியில் மனுசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வடிவாப் பிடிக்கச் சொல்லு," என்றார். "ஆடாமப் பிடிக்கச் சொல்லு."

அதன்பிறகு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போனில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பெர்னடெட் போனைப் பெட்டியின் விளிம்பில், மனுசனின் காதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள். நின்ற செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. வந்தவர்கள் பெட்டிக்குக் கிட்ட வந்ததும் கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள். என்ன நல்ல முகம் என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. காலையில் வருத்தப்பட்ட அதிபரும் இன்னொரு முறை வந்து பார்த்தார், இந்த முறை பெரிய படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கொழும்பு நாட்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. படம் எடுத்து முடிந்ததும் இயக்குநரும் கொம்பனிக்காரரும் ஓடிவந்து திரையைப் பார்ப்பார்கள், நல்லா வந்ததா என்று கேட்பார்கள். அவர் அவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டார். முதலில் பலகை பிடித்தவனிடம் திரும்பி, "காணும், கையை இறக்கு" என்பார். அவன் கையை இறக்கித் தோளை உதறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் திரைக்கு வருவார். ஒருக்கால் யாரோ பெரிய முதலாளி இதைக் கண்டு கோபித்துக்கொண்டார். அதற்காக அவர் பழக்கத்தை மாற்றவில்லை. கை நோகிறது எப்படி என்று பிடிச்சவனுக்குத்தானே தெரியும் என்று அன்றிரவு சாப்பிடும்போது அவளிடம் சொன்னார்.

சுவாமி மூன்று மணிக்கு வந்தார். செபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார். ஜெசிதா தகப்பனின் நெற்றியைக் கொஞ்சினாள். பெர்னடெட் கொஞ்சினாள். போனை எடுத்து மனுசனின் காதோடு ஒருக்கால் ஒட்டிப் பிடித்தாள், அண்ணன்காரன் என்ன சொன்னார் என்பது தம்பிக்கு மட்டும் கேட்டது. பெட்டியை மூடும்போது வழக்கம்போல் ஓலம் எழுந்தது. ஆணி முறுக்குகிற சத்தம் அதற்குள் அமிழ்ந்துபோனது. பெடியள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். வெளியே பாண்ட் வாத்தியம் தொடங்கியது. பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலால் நடத்திக்கொண்டு போனார்கள். எல்லாம் ஒரே இரைச்சலாக, ஒரே தள்ளுமுள்ளாக நடந்து முடிந்தது.

ஊர்வலம் கடற்கரை வீதியில் திரும்பப்போகும்போது அவள் சட்டென்று நின்றாள்.

பின்னால் வந்தவர்கள் ஆளையாள் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெசிதா என்னம்மா என்று கேட்டாள். பெர்னடெட் மகளின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு திரும்பி நடந்தாள். முன்னுக்குப் போனவர்களுக்கு யாரோ சைகை காட்ட, பாண்ட் வாத்தியம் நடுப்பாட்டில் நின்றது. பெட்டி தூக்கியவர்களும் வெயிலில் நின்றார்கள்.

வீட்டில் ஒருவரும் இல்லை. விறாந்தையில் சரிந்த கதிரைகளையும் பிளேன்ரீக் கோப்பைகளையும் கடந்து உள்ளே வந்தாள். பெட்டி வைத்திருந்த இரண்டு மர வாங்குகளும் வெறுமையாகக் கிடந்தன. அவற்றின்மேல் அந்த வெளிச்சம் அப்படியே நின்றது. முன்னையவிடக் குறைந்து, லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

அவள் யன்னலடிக்குப் போனாள். மற்ற இரண்டு பேரும் மூடிகளை மதிலில் சாய்த்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போயிருந்தார்கள். யாகோப்பு தனியே நின்றான். மூடி தலைக்கு மேலே இருந்தது. முகம் முழுக்க வேர்வை, கைகள் இரண்டும் நடுங்கின. மூடியின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றவன் அவள் வந்ததைக் காணவில்லை.

"காணும் யாகோப்பண்ணை," என்றாள். "கையை இறக்குங்கோ."

யாகோப்பு மெல்ல இறக்கினான். வாங்குகளின் மேலிருந்த வெளிச்சம் போனது. அவன் ஒரு தோளை உதறினான், மற்றத் தோளை உதறினான். அவள் அதுவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஒழுங்கையால் வீதிக்கு நடந்தார்கள். அங்கே சனம் முழுக்க அவர்களுக்காகக் காத்து நின்றது. யாகோப்பு மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தான். வைத்துவிட்டு வரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.